தக்காளி சாஸ் ஊற்றாத குரல்

கேள்வி

1981இல் கப்பல் வேலையிலிருந்து ஊருக்கு வந்த என் பெரிய அண்ணன், சிங்கப்பூரில் வாங்கிய ஓர் எல்பி ரெக்கார்டைக் கொண்டுவந்தார். ஜான் லெனனும் அவர் மனைவி யோகோ ஓனோவும் சேர்ந்து செய்த 'டபுள் ஃபேன்டஸி'. அட்டையில் இருவரும் முத்தமிட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதால் அப்பா கண்ணில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் அந்த ரெக்கார்டின் ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம்.

போன மாதம் என் மகன் ஒரு ஹெட்ஃபோனைக் கொடுத்து, செல்போனில் பாட்டுக் கேட்கவும் சொல்லிக்கொடுத்தான். அதே ஆல்பத்தைத் தேடியபோது 'ஸ்ட்ரிப்டு டவுன்' என்று இன்னொன்றும் வந்தது. போட்டேன். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன்பே அவர் பேசுகிற குரல் கேட்டது. பிறகு அவர் பாடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாற்பது வருடமாகக் கேட்ட பாட்டுதான். ஆனால் இந்த மனிதரை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை என்று தோன்றியது. மூச்சு இழுப்பது தெரிகிறது. ஒரு சொல் முடிகிற இடத்தில் குரல் லேசாக உடைவது தெரிகிறது.

என் சந்தேகங்கள் இவை. இதை அவர் தனியாக மறுபடி பாடியிருந்தாரா? இல்லை, இப்போது பேசிக்கொள்கிறார்களே ஏஐ என்று, அதை வைத்து ஏதாவது செய்திருக்கிறார்களா? என் மனைவி ஒரு பாட்டு கேட்டுவிட்டு, "யாரோ காதுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி இருக்கு, எனக்கு வேணாம்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டாள். எது அசல், எது நகல்? சங்கீத ஞானம் இல்லாத என்னைப் போன்றவன் ஒரு பாடகரின் குரலை எப்படி ரசிக்க வேண்டும்? அந்தப் பழைய ரெக்கார்டை இனி என்ன செய்வது?

– வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்

பதில்

அன்புள்ள ஐயா, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த ரெக்கார்டுக்கு முதலில் என் வணக்கம்.

அவர் மறுபடி பாடவில்லை. பாடவும் முடியாது. 'டபுள் ஃபேன்டஸி' 1980 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹிட் ஃபேக்டரி ஸ்டுடியோவில் பதிவாகத் தொடங்கி, நவம்பர் 17 அன்று கடைக்கு வந்தது. டிசம்பர் 8 இரவு, அவர் குடியிருந்த டகோட்டா கட்டடத்தின் வாசலில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். நடுவில் சரியாக மூன்று வாரம். நீங்கள் எல்பியில் கேட்டதும் ஹெட்ஃபோனில் கேட்டதும் அந்த 1980ஆம் வருடத்துத் தொண்டைதான். உங்களுக்கும் அவருக்கும் நடுவே இருந்த தூரம்தான் மாறியிருக்கிறது.

'ரீமிக்ஸ்' என்றதும் நமக்குப் பழைய எம்.ஜி.ஆர். பாட்டில் டமடம என்று ஒரு தாளத்தைப் போட்டு, நடுவில் யாரோ ராப் பாடுவதுதான் நினைவுக்கு வரும். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அந்தச் சொல் வேறு. ஸ்டுடியோவில் குரல் ஒரு தடத்திலும் டிரம்ஸ் சில தடங்களிலும் கிட்டார் ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்திலும் பதிவாகும். இவற்றை எந்த அளவில், எந்தப் பக்கத்தில், எத்தனை எக்கோவோடு சேர்ப்பது என்று முடிவு செய்து இரண்டே தடங்களாக ஆக்குவதுதான் மிக்ஸிங். குழம்பு கொதித்து இறங்கிய பிறகு அதிலிருந்து புளியைத் தனியாக எடுக்க முடியாது. அந்தக் குழம்பையே மறுபடி சூடாக்கி, நல்ல பாத்திரத்தில் பரிமாறுவது ரீமாஸ்டர். ரீமிக்ஸ் அப்படியல்ல. அரிந்து வைத்த காய், கரைத்து வைத்த புளி, தாளிக்க வைத்த கடுகு எல்லாம் இன்னும் தனித்தனிக் கிண்ணத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை எடுத்து முதலிலிருந்து சமைப்பதுதான் ரீமிக்ஸ். காய் அதே 1980 காய். சமைத்தது 2010இல்.

சமைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் யோகோ ஓனோ. இன்னொருவர் ஜாக் டக்ளஸ். 1980இலும் அந்த ஆல்பத்தை லெனன், யோகோ இருவரோடும் சேர்ந்து தயாரித்தவர் இதே டக்ளஸ்தான். 'ஏரோஸ்மித்' குழுவின் பெரிய ஆல்பங்களைச் செய்த கை அது. லெனனின் எழுபதாவது பிறந்த நாளை ஒட்டி 2010 அக்டோபரில் இதை வெளியிட்டார்கள். உறைக்குப் படம் வரைந்தவர் மகன் ஷான். 1980ஆம் வருட மிக்ஸையும் இரண்டாவது வட்டாக அதே உறைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களைப் பாராட்டுவேன். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு "இதுதான் இனி" என்று சொல்கிற வேலையை எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள்.

ஏஐ பற்றிக் கேட்டீர்கள். இதில் அது இல்லை, தேவையும் இருக்கவில்லை. தனித்தனித் தடங்கள்தான் கையில் இருந்தனவே. 2023 நவம்பரில் லெனனின் பழைய குழுவான பீட்டில்ஸ் பெயரில் வந்த 'நவ் அண்ட் தென்' பாட்டுக்குத்தான் அது தேவைப்பட்டது. எழுபதுகளில் லெனன் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே ஒரு சாதாரண கேசட்டில் பாடியது அது. குரலும் பியானோவும் ஒன்றாகக் கலந்து போயிருந்தன. தொண்ணூறுகளில் மற்ற மூவரும் முயன்று பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்கள். பிறகு இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, குரலையும் வாத்தியத்தையும் கணினிக்கு அடையாளம் காட்டிப் பழக்கி, இரண்டையும் பிரித்தெடுத்தது. நான் மேலே முடியாது என்று சொன்னேனே, குழம்பிலிருந்து புளியை எடுப்பது, அதைக் கிட்டத்தட்ட செய்துவிட்டார்கள். ஆனால் அது வேறு கதை.

நீங்கள் கேட்டதில் எனக்கு முக்கியமாகப் படுவது, "இந்த மனிதரை நான் இதற்கு முன் கேட்டதே இல்லை" என்று எழுதினீர்களே, அந்த வரி. உங்களுக்கு அப்படித் தோன்றியதில் தவறில்லை. நீங்கள் கேட்கக் கூடாது என்று மறைத்து வைத்ததே அவர்தான்.

லெனனுக்குத் தன் குரல் பிடிக்காது. உலகம் முழுக்க அந்தக் குரலுக்காக உருகிக்கொண்டிருந்தபோது, அவர் ஸ்டுடியோவில் அதை எப்படி மூடலாம் என்றே யோசித்தார். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இதைப் பல முறை வியந்து சொல்லியிருக்கிறார். என் குரலை ஏதாவது செய்யுங்கள், தக்காளி சாஸையாவது ஊற்றுங்கள் என்று கேட்பாராம்.

அந்தக் குரல் என்ன செய்யக்கூடியது என்பதற்கு 1963 பிப்ரவரி 11 சாட்சி. பீட்டில்ஸின் முதல் ஆல்பத்துக்காக லண்டனில் ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிவு செய்தார்கள். லெனனுக்குச் சளி. தொண்டை கரகரப்புக்கு மிட்டாய் சப்பிக்கொண்டும் பால் குடித்துக்கொண்டும் நாளை ஓட்டினார். தொண்டையைக் கிழிக்கும் என்று தெரிந்ததால் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைக் கடைசிக்கு வைத்தார்கள். இரவு பத்து மணி வாக்கில் ஒரே டேக். இரண்டாவது டேக்குக்குக் குரல் மிச்சமில்லை. ராக் பாட்டுக்காரனின் தொண்டை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இன்றைக்கும் அதைத்தான் போட்டுக் காட்டுவேன். பாடியவருக்கோ பல வருடங்கள் கழித்தும் அதில் வெட்கம்தான் மிச்சம்.

மூன்று வருடம் கழித்து அதே லண்டன் ஸ்டுடியோவில், லெனனின் அலுப்பு ஒரு உத்தியையே பிறக்க வைத்தது. குரலைக் கனமாக்க அந்தக் காலத்தில் ஒரே வழி, பாடகர் அதே பாட்டை இரண்டாம் முறை பாடி முதலாவதன் மேல் ஏற்றுவது. டபுள் டிராக்கிங் என்பார்கள். லெனனுக்கு அந்த ஒலி வேண்டும், ஆனால் இரண்டு முறை பாடச் சோம்பல். அவர் தொல்லை தாங்காமல் கென் டவுன்சென்ட் என்ற பொறியாளர் 1966இல் ஒரு ஏற்பாடு செய்தார். ஒரே குரலை இன்னொரு டேப் இயந்திரத்தின் வழியாக ஓட்டி, இம்மியளவு தாமதித்துத் திரும்பச் சேர்த்தால் இரண்டு பேர் பாடியது போலவே கேட்கும். அதே வருடம் இன்னொரு பாட்டுக்கு, மலை உச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவது போல வேண்டும் என்றார். ஆர்கன் பெட்டியில் சுழலும் ஒலிபெருக்கி ஒன்று உண்டு. குரலை அதற்குள் விட்டு எடுத்தார்கள். இவையெல்லாம் ஒலிப்பதிவு வரலாற்றில் மேதைமை என்று எழுதப்பட்டுவிட்டன. மேதைமைதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் இருந்தது கூச்சம்.

இரட்டிப்பு செய்தால் என்ன ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன், இதைத்தான் நீங்கள் ஹெட்ஃபோனில் உணர்ந்திருக்கிறீர்கள். யாராலும் ஒரு வரியை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி பாட முடியாது. ஒரு முறை 'த' சற்று முந்தும், இன்னொரு முறை 'ம' சற்று இழுக்கும், சுருதியும் ஒரு மயிரிழை விலகும். இரண்டும் சேரும்போது குரல் அகலமாகும், பளபளப்பாகும், பிசிறு தெரியாது. கூடவே ஆளும் தெரியாமல் போவார். எந்த இடத்தில் அவர் தயங்கினார், எங்கே அழுத்தினார் என்பது ஒன்றையொன்று பூசி மறைத்துவிடும். எக்கோவும் அதே வேலையைத்தான் வேறு விதமாகச் செய்கிறது. லெனனுக்குப் பிடித்தது, 1954இல் மெம்ஃபிஸின் சன் ஸ்டுடியோவில் எல்விஸின் குரலுக்குக் கொடுத்தார்களே, சுவரில் பட்ட பந்து போல ஒரே ஒரு முறை சட்டென்று திரும்பி வரும் எக்கோ. நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தாமதம். சொல்லின் பின்முனையை அது அழகாக மூடிவிடும். சொல்லின் பின்முனையில்தான் பாடகர் தன்னையறியாமல் இருப்பார்.

இது லெனன் ஒருவரின் வியாதி இல்லை. கோடம்பாக்கத்தில் கன்சோல் முன் உட்கார்ந்த என் முப்பது வருடத்தில், "சார், ஹெட்ஃபோன்ல கொஞ்சம் எக்கோ குடுங்க" என்று கேட்காத பாடகரை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருநாள் ராத்திரி ஒரு மூத்த பாடகருக்கு எக்கோ கொடுக்கிற யூனிட் கெட்டுப்போய்விட்டது. தன் குரலை மொட்டையாகக் கேட்டுக்கொண்டே பாட வேண்டிய நிலை. பாதியில் கோபித்துக்கொண்டார். கடைசியில் முகம் சுளித்தபடி ஒரு டேக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் குரலில் நான் பதிவு செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த டேக் அது. அவர் அதைக் கேட்கவே மறுத்துவிட்டார். மறுநாள் யூனிட் சரியானதும் வந்து மறுபடி பாடினார். படத்தில் வந்தது இரண்டாவதுதான். பாட்டு அவருடையது, முடிவும் அவருடையது. ஆனாலும் அந்த முதல் டேக் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

லெனன் விஷயத்துக்கு வருகிறேன். 1975இல் ஷான் பிறந்ததும் அவர் பாட்டுத் தொழிலை ஒதுக்கிவைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். 1980 கோடையில் பெர்முடா தீவுக்குப் பாய்மரப் படகில் போனார், வழியில் புயல். தீவில் புதுப் பாட்டுகள் எழுதினார். அங்கே ஒரு பூங்காவில் பார்த்த பூவின் பெயர்தான் 'டபுள் ஃபேன்டஸி'. அந்தக் காலத்தில் அவர் கேசட்டில் பதிந்து வைத்த மாதிரிப் பாட்டுகள் சிலவற்றில், யாருமே கேட்கப் போகாத அந்த வரைவுகளிலும்கூட, தன் குரலின் மேல் தன் குரலை ஏற்றி இரட்டிப்பு செய்திருக்கிறார். தனியாக இருக்கும்போதும் முகத்துக்குப் பவுடர்.

1980 மிக்ஸில் அந்தப் பவுடர் முழுதாக இருக்கிறது. எக்கோ, இரட்டிப்பு, பின்னால் கோரஸ், அதற்கும் பின்னால் இன்னொரு கோரஸ். அந்தக் கால ரேடியோவுக்கு ஏற்ற மினுமினுப்பு. 2010இல் டக்ளஸும் யோகோவும் அதைத்தான் துடைத்தார்கள். பக்கப் பாட்டுக்காரர்கள் பெரும்பாலும் வெளியே போனார்கள், மேற்பூச்சு குறைந்தது, குரல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தது.

நீங்கள் சிலிர்த்த முதல் பாட்டு 'ஸ்டார்ட்டிங் ஓவர்'. தொடக்கத்தில் அவர் பேசுவது என்ன தெரியுமா? நான்கு பேருக்கு அந்தப் பாட்டைக் காணிக்கை ஆக்குகிறார். ஜீன் வின்சென்ட், எடி காக்ரன், எல்விஸ், பட்டி ஹாலி. லிவர்பூல் பையனாக அவர் பார்த்துப் பார்த்துப் பழகிய ராக் அண்ட் ரோல் அண்ணன்கள். 1980இல் அந்த நால்வருமே உயிரோடு இல்லை. பாட்டே அவர்கள் பாணியில் ஒரு செல்லக் கிண்டல்தான். எல்விஸையும் ராய் ஆர்பிசனையும் சேர்த்து 'எல்விஸ் ஆர்பிசன்' என்று அந்தக் குரலுக்குத் தானே பட்டம் வைத்துக்கொண்டார். 1980 மிக்ஸில் எக்கோவும் கோரஸும் சேர்ந்து அந்த வேஷத்தைக் கச்சிதமாக்கிவிடுகின்றன. எக்கோவை எடுத்ததும் வேஷம் கட்டியவர் தெரிகிறார். எல்விஸ் போலக் கீழ்க்குரலில் விக்கும் இடங்களில் அவர் சிரிப்பை அடக்குவது போல இருக்கிறது. மேலே ஏறும் இடத்தில் கிண்டல் கழன்று விழுந்து, நாற்பதை நெருங்கும் ஆள் ஒருவர் மனைவியிடம் மன்றாடுகிறார். கிண்டல் எங்கே முடிகிறது, மன்றாடல் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். எனக்குப் பதினைந்து வருடமாகக் கேட்டும் அந்தத் தையல் பிடிபடவில்லை.

'வுமன்' வேறு மாதிரி. அதில் அவர் சத்தமே போடுவதில்லை. உரக்கப் பாடுவது தொண்டைக்குச் சிரமம் என்று நினைப்போம். ராக் பாடகருக்கு மெதுவாகப் பாடுவதுதான் சிரமம். உரக்கப் பாடினால் வேகமே குரலைத் தாங்கிக்கொள்ளும். மெல்லப் பாடினால் மூச்சை ஒரு நூலாக விட வேண்டும், நூல் அறுந்தால் சுருதி விழும். லெனன் குரலில் கர்நாடகப் பாடகருக்கு இருக்கும் கமகமோ, மேடைப் பாடகருக்கு இருக்கும் அலுங்கலோ கிடையாது. நேர்க்கோடு போலப் பிடிப்பார். அதில் மூக்கு ஒலி கொஞ்சம் இருக்கும், லிவர்பூல் வட்டாரத்தின் உயிரெழுத்துகள் அங்கங்கே எட்டிப் பார்க்கும். அந்தக் கோடு நடுங்குகிற இடங்கள் எல்பியில் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஹெட்ஃபோனில் தெரியும்.

'வாட்சிங் த வீல்ஸ்' எனக்குச் சொந்த விருப்பம். பாடுகிறாரா, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறாரா என்று பிரிக்க முடியாத பாட்டு. தாளத்துக்கு ஒரு இழை பின்னால் சாய்ந்து பாடுகிறார். ஏன் இப்படி வீட்டில் சும்மா இருக்கிறாய் என்று ஊரே கேட்டதற்கு அவர் தரும் பதில் அது, அவசரமில்லாதவனின் பதில். அவசரமின்மையை வார்த்தையில் சொல்லுமுன் தாளத்திலேயே சொல்லிவிடுகிறார். 'பியூட்டிஃபுல் பாய்' மகனுக்கான தாலாட்டு. கடைசியில் கிசுகிசுப்பாக ஷானுக்கு இரவு விடை சொல்லும் இடத்தை மட்டும் தனியாக இருக்கும்போது கேளுங்கள். 'ஐயம் லூசிங் யூ'வில் கோபக்காரர் திரும்பி வருகிறார். அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, அது தானே கத்திச் சொல்லிக்கொள்ளும்.

சங்கீத ஞானம் வேண்டுமா என்றீர்கள். ஓரளவு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது. நீங்கள் மூச்சைக் கவனித்திருக்கிறீர்கள், சொல் முடியும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்கள். என்னிடம் வேலை பழக வந்த பையன்களுக்கு முதல் ஆறு மாதம் நான் சொல்லிக்கொடுத்ததே அந்த இரண்டையும்தான். ஒரு பாட்டைக் கேட்கும்போது அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் ஒரு தடவை கேளுங்கள். வரி முடிந்த பிறகா, நடுவிலா? நிதானமாகவா, திருடியா? அடுத்த தடவை சொல்லின் வால் மட்டும். மூன்றாம் தடவை தாளத்துக்கு முன்னாலா பின்னாலா. ஸ்வரம் தெரியாமலே பாடகர் உங்களுக்குப் பிடிபடுவார்.

இனி கொஞ்சம் கசப்பு. 'ஸ்ட்ரிப்டு டவுன்' என்றால் ஆடை களைந்தது என்று பொருள் வருகிறது. இதைக் கேட்டவர்கள் பலர், இதுதான் உண்மையான லெனன், பழையது போலி என்று எழுதித் தள்ளினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நெருக்கமும் ஒரு ஒப்பனைதான். கம்ப்ரஸர் என்று ஒரு கருவி எங்களிடம் உண்டு. சத்தமான இடங்களை அமுக்கி, மெல்லிய இடங்களைத் தூக்கும். அதை அழுத்தமாகப் போட்டால், நேரில் பாடும்போது இரண்டடி தள்ளி நின்றாலே கேட்காத மூச்சு, உங்கள் காதுச் சவ்வில் வந்து உரசும். எந்த மனிதரும் எந்த மனிதரிடமும் அவ்வளவு பக்கத்தில் நின்று பாடுவதில்லை. எக்கோ போட்டது கலைஞரின் தேர்வு என்றால், எக்கோ எடுத்தது இன்னொருவரின் தேர்வு. உங்கள் வீட்டம்மா சொன்னது இதைத்தான், என்னைவிடச் சுருக்கமாக. காதுக்குள் வந்து நிற்க வைத்தது லெனன் இல்லை, மிக்ஸ் செய்தவர்கள்.

அசல் எது என்பதற்கு என் பதில், 1980. அதுவே அவர் கூட இருந்து, கேட்டு, சரி என்று சொல்லி வெளியே விட்டது. கூச்சப்பட்டது அவர் குணம் என்றால், அந்தக் கூச்சத்திலிருந்து அவர் செய்துகொண்ட ஒலியும் அவர் படைப்பில் சேர்த்திதான். தாயை நினைத்து அலறும் பாட்டோடு தொடங்கும் அவருடைய 1970ஆம் வருட 'பிளாஸ்டிக் ஓனோ பேண்ட்' ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ், பேஸ், பியானோ அல்லது கிட்டார், அவ்வளவுதான். மனக்காயங்களைக் கத்திக் கரைக்கச் சொல்லும் ஒரு சிகிச்சைக்குப் போய்விட்டு வந்து பாடியது. தன்னை அத்தனை திறந்து காட்டிய அந்த ஆல்பத்தில்கூட எக்கோவை அவர் முழுக்கக் கைவிடவில்லை. அந்த ஆல்பம் சாவு மணியோடு தொடங்கும். உங்கள் எல்பி சின்ன மணி ஒன்றின் கிணுகிணுப்போடு தொடங்கும். ஒரு மணிக்கு இன்னொரு மணி பதில், நடுவில் பத்து வருடம். அந்த மணியையும் சேர்த்து யோசித்தவர், குரலுக்கு எக்கோ போதும் போதாது என்று தெரியாமலா விட்டிருப்பார்?

அப்படியானால் 2010 எதற்கு? ஒரு ஓவியத்தின் அடியில் மறைந்திருக்கும் பழைய வண்ண அடுக்கை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவார்களே, அதற்குச் சமம். எக்ஸ்ரேயைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்ட மாட்டோம், ஆனால் ஒரு முறை பார்த்தவர் அந்த ஓவியத்தைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது. 2020 அக்டோபரில் வந்த 'கிம்மி சம் ட்ரூத்' தொகுப்பில் மூன்றாவது வழியும் இருக்கிறது. பால் ஹிக்ஸ் என்ற பொறியாளர், பழைய அமைப்பைக் கலைக்காமல் குரலின் மேல் இருந்த புகையை மட்டும் துடைத்திருக்கிறார். 'வுமன்' அதிலும் உண்டு. நிதானமான வேலை. ஆனால் சிலிர்ப்பு 2010இல்தான்.

ஒன்று கேட்க மறந்தேன். யோகோவின் பாட்டுகளைத் தாண்டிவிடுகிறீர்களா? பதினான்கில் ஏழு அவருடையவை. பெரும்பாலும் ஒன்று அவர், ஒன்று இவர் என்று மாறி மாறி வரும் உரையாடல் அது. நாற்பது வருடமாக ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும், நானும் அதில் ஒருவன். கேள்வி கேட்பவரைக் கேட்காமல் பதிலை மட்டும் கேட்டால் லெனன் பாதியாகிவிடுகிறார். சுடப்பட்ட இரவு அவர் ஸ்டுடியோவிலிருந்து திரும்பியது யோகோவின் பாட்டு ஒன்றில் வேலை பார்த்துவிட்டுத்தான்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டு மிக்ஸும் ஒரே சத்தத்தில் இருக்காது. ஒன்று சற்றே உரக்கக் கேட்டாலும் நம் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும். தொழில்காரர்களும் இதில் ஏமாறுவார்கள். ஹெட்ஃபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு, அவர் குரல் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரி செய்துகொண்டு பிறகு தீர்ப்பு சொல்லுங்கள். செல்போனில் சத்தத்தைச் சமப்படுத்தும் வசதி எதையாவது மகன் போட்டு வைத்திருந்தால் அதை அணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் ரெக்கார்டைக் கொடுத்துவிடாதீர்கள். கடற்கரை ஊரில் பூஞ்சை பிடித்திருக்கும். கழுவும்போது நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரை மென்மையான துணியில் நனைத்து, வளையத்தின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். நிழலில் நிறுத்தி வைத்து உலர்த்துங்கள். படுக்கவைத்து அடுக்கினால் வளைந்துவிடும். 2010ஐப் பத்து நாள் கேளுங்கள், மூச்சு எங்கே என்று மனப்பாடம் ஆகும் வரை. பிறகு ஒரு நாள் கூடத்தில், ஹெட்ஃபோன் இல்லாமல், ஸ்பீக்கரில் அந்த எல்பியைப் போடுங்கள். எக்கோவுக்கும் கோரஸுக்கும் உங்கள் கீறல்களுக்கும் அடியிலிருந்து அந்த மூச்சு உங்களுக்குக் கேட்கும், இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்தது. அன்றைக்கு உங்கள் வீட்டம்மாவையும் கூப்பிடுங்கள். கூடத்தின் மறுமூலையிலிருந்து பாடுகிறவரை அவர்களுக்குப் பிடிக்கக்கூடும்.